கட்டுநாயக்காவிலிருந்து மாத்தளைக்கு

திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ புறப்படும் விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் கட்டுநாயக்காவில் இறங்கிவிடும். முகாமிலிருந்து விமான நிலையத்துக்கு வந்து சேரவே அதைவிடக் கூடுதலான நேரம் எடுத்திருக்கும். இரண்டு நாடுகளுக்கும் ஒரே நேரம்தான், கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் வானத்தில் போகும் அந்த நேரத்தைவிட, இறங்கியபின் வரும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் திரும்பிவர இருப்பவர்கள் எங்களிடம் அதிகம் கேட்கிறார்கள். மாத்தளை மாவட்டத்துக்கு வரும் குடும்பங்களுக்காக அதை இங்கே விளக்குகிறோம்.

முதலில் ஒரு விஷயம். கட்டுநாயக்கா கொழும்பு அல்ல. விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நீர்கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாத்தளைக்குப் போகிறவர் கொழும்புக்குள் நுழைந்து, புறக்கோட்டையில் பொதிகளோடு நின்று, பிறகு வந்த திசைக்கே திரும்பிப் போவது வீண் அலைச்சல். "கொழும்பில் இரண்டு நாள் தங்கிப் பத்திரங்களையெல்லாம் முடித்துக்கொண்டு ஊருக்குப் போவோம்" என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. அந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள். உங்களுக்கு முதலில் தேவைப்படும் பத்திரங்களில் பெரும்பாலானவை மாத்தளையில் ஆரம்பிப்பவை. கொழும்புக்குப் போகவேண்டிய நாள் பிறகு வரும். அன்றைக்குப் பெட்டிகளும் சின்னப் பிள்ளைகளும் இல்லாமல் போய்வரலாம்.

ஏறுவதற்கு முன்

உங்களில் பலர் மாத்தளையிலிருந்து நேராக இந்தியாவுக்குப் போனவர்கள் அல்லர். 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கும் இருக்கமுடியாமல் மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர்கள். ஆகவே ஒரே குடும்பத்தில் தகப்பனின் பிறப்பு மாத்தளையிலும், மூத்த பிள்ளையின் பிறப்பு வவுனியாவிலும், இளையவரின் பிறப்பு தமிழ்நாட்டிலும் பதிவாகியிருக்கும். எவருடைய பதிவு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்திரம் தொலைந்திருந்தாலும் அந்தத் தாள் உதவும். மாத்தளை மாவட்டத்தில் பதிவான பிறப்புக்கும் திருமணத்துக்கும் பிரதேச செயலகத்திலேயே பிரதி எடுக்கலாம்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டுங்கள். அவர்களின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் பதிவுசெய்து, வம்சாவளிப் பிரஜாவுரிமைக்கான விண்ணப்பத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். இங்கே வந்தபின் தமிழ்நாட்டு நகராட்சியிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ ஒரு கடிதம் பெறுவது கடல் கடந்த வேலை.

மலையகத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் "எங்களுக்கு இலங்கைக் குடியுரிமை இருக்கிறதா?" என்று தயங்குவது எங்களுக்குத் தெரியும். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. வன்செயல்களால் இந்தியாவுக்குப் போய் முகாம்களில் இருந்தவர்களுக்கும் அது சேரும்படி 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியப் பிரஜையாகி இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் நிலைமை வேறு. அவருக்கு விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் எங்களோடு பேசுங்கள்.

எல்லாப் பத்திரங்களும் கையில் எடுத்துச்செல்லும் பையில்தான் இருக்கவேண்டும், பெட்டிக்குள் வைக்கவேண்டாம். துணை உயர்ஸ்தானிகர் அலுவலகம் தரும் தற்காலிகப் பயண ஆவணத்தைக் குடிவரவு அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே நாலைந்து போட்டோ பிரதி எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழின் மூலப்பத்திரம் அவசியம். இங்கே அதை விடுகைப் பத்திரம் என்பார்கள். முகாமில் பதிவு இருந்ததற்கான அட்டை, மருந்துச் சீட்டுகள், பழைய தோட்டத்துக் கடதாசிகள், கிழிந்திருந்தாலும் ஒன்றையும் எறியாதீர்கள். தோட்டத்தில் வேலைசெய்த காலத்தின் ஊழியர் சேமலாப நிதி இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பழைய அங்கத்துவ இலக்கம் ஒன்று கிடைத்தால் மாத்தளைத் தொழில் அலுவலகத்தில் அதைப்பற்றி விசாரிக்கலாம்.

இன்னுமொன்று. விமான நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் "அக்கா, இந்தப் பொதியை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். தங்கமும் பீடி இலையும் கடத்தும் குருவிகள் இந்த வழியில் இருக்கிறார்கள். பிடிபட்டால் பொதி உங்களுடையதாகிவிடும்.

விமான நிலையத்தில்

அறிவிப்புப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்கும். நீங்கள் சுற்றுலாப் பயணி இல்லை, விசா தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களின் வரிசையில் குடும்பமாக நில்லுங்கள். தற்காலிக ஆவணத்தில் வருகிறவர்களை வரிசையிலிருந்து ஒரு பக்கமாக அழைத்து உட்காரவைப்பது வழக்கம். அது கைது அல்ல. குடிவரவு அதிகாரிகளும், சில வேளைகளில் புலனாய்வுப் பிரிவினரும் கேள்வி கேட்பார்கள். எப்போது போனீர்கள், எந்தக் கரையிலிருந்து போனீர்கள், எந்த முகாமில் இருந்தீர்கள், இப்போது எங்கே போகிறீர்கள் என்பவைதான் பெரும்பாலும் கேட்கப்படும். இது அரை மணி நேரத்திலும் முடியலாம், பல மணி நேரமும் ஆகலாம். பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்திருங்கள். பெரியவர்களின் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும்.

இந்த இடத்தில் உண்மையை மறைத்து எழுதுவது சரியல்ல. அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் வழியாக அல்லாமல் நாட்டைவிட்டுப் போவது குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின்படி குற்றம். போரில் உயிர்தப்பிப் படகேறியவர்கள் மீது அதைப் பிரயோகிப்பது நியாயமா என்ற கேள்வி எங்களுக்கும் உண்டு. ஆயினும் அகதிகளாகத் திரும்பி வந்தவர்கள் இதைக் காரணம் காட்டி விமான நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்ட சம்பவங்கள் அண்மைக் காலத்திலும் நடந்திருக்கின்றன. ஆகையால் வரும் நாளையும் விமானத்தையும் எங்களுக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். கேட்பதற்கு உள்ளபடியே பதில் சொல்லுங்கள். போன ஆண்டு சரியாக ஞாபகமில்லையென்றால் ஞாபகமில்லை என்றே சொல்லுங்கள், ஊகித்துச் சொன்ன திகதி பிறகு உங்களுக்கே இடைஞ்சலாகும். 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால், தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரியை அழைப்பார்கள். தடுத்துவைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு வெளியிலிருக்கும் உறவினர் அறிவிக்கலாம். "விஷயத்தைச் சுலபமாக முடித்துத் தருகிறேன்" என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இங்கே எந்தக் கட்டத்திலும் பணம் கட்டவேண்டியதில்லை.

பொதிகளை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வந்தால் வங்கிக் கருமபீடங்கள் இருக்கும். இந்திய ரூபாயில் கொஞ்சத்தை அங்கே மாற்றி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டுக் காசுக்கும் ரூபாய் என்றே பெயர், ஆனால் பெறுமதி ஒன்றல்ல. ஓர் இந்திய ரூபாய்க்குப் பல இலங்கை ரூபாய் கிடைக்கும். அதனால் தேநீர்க் கடையில் சொல்லும் விலைகூட முதலில் திடுக்கிட வைக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். இந்திய சிம் அட்டை வேலை செய்யாமல் போகலாம். உறவினரின் தொலைபேசி இலக்கங்களைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

உடல்நலம் பற்றி ஒரு குறிப்பு. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நீங்கள் வருவதோ மலேரியா இன்னும் உள்ள நாட்டிலிருந்து. வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், இங்குள்ள வைத்தியர் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். "நான் இந்தியாவிலிருந்து வந்தவன்" என்று நீங்களாகவே சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குப் பணம் இல்லை.

எந்த வழியில் போவது

மாத்தளை மாவட்டம் நீளமானது, பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் கொண்டது. உங்கள் ஊர் எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். மாத்தளை நகரம், உக்குவளை, இறத்தோட்டை, எல்கடுவை, யட்டவத்தை ஆகிய தெற்குப் பக்கத்தாருக்குக் கண்டி வழி. கலேவெல, தம்புள்ளைப் பக்கத்தாருக்குக் குருநாகல் வழி. தம்புள்ளைக்குப் போகவேண்டியவர் கண்டிக்கு ஏறி இறங்கினால் ஒரு பகல் வீணாகும்.

பஸ்ஸில் போவதானால் விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு பஸ் நிலையத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து கண்டிக்கும் குருநாகலுக்கும் பஸ் உண்டு. கண்டி மூன்று நான்கு மணி நேரப் பயணம், கடுகண்ணாவை ஏற்றத்தில் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். கண்டியிலிருந்து மாத்தளை இருபத்தைந்து கிலோமீட்டர், அடிக்கடி பஸ் போகும். கண்டியில் பஸ் நிலையங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. இறங்கும்போதே நடத்துநரிடம் மாத்தளை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுவிடுங்கள். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயிலும் உண்டு. 1880ஆம் ஆண்டு போட்ட பாதை, மாத்தளையோடு முடிகிறது. ஒரு நாளில் ஓடும் ரயில்கள் குறைவு என்பதால் முதல்நாள் பயணத்துக்கு அதை நம்பவேண்டாம்.

ஐந்தாறு பேர் கொண்ட குடும்பம், பத்துப் பொதிகள் என்றால் எங்கள் அபிப்பிராயம் வான்தான். ஊரிலிருந்து உறவினர் ஒருவர் தெரிந்த வானைப் பேசிக்கொண்டு வருவதே நல்லது. உறவினர் வெளிவாசலில்தான் நிற்பார், விசாரணை நீண்டால் அவர் பதறாமலிருக்க முன்கூட்டியே சொல்லிவையுங்கள். யாரும் வரமுடியாவிட்டால், வெளியே வந்து கையைப் பிடித்து இழுப்பவர்களிடம் போகாமல், உள்ளேயே உள்ள வாடகை வாகனக் கருமபீடத்தில் விலை பேசிப் பற்றுச்சீட்டு எடுங்கள். விமானம் மாலையில் இறங்கினால் அன்றிரவு நீர்கொழும்புப் பக்கத்தில் தங்கிக் காலையில் புறப்படுங்கள். இறத்தோட்டைக்கு மேலே மழைக்காலத்தில் மண்சரிவு, வில்கமுவைப் பக்கத்தில் இருட்டினால் யானை. இரண்டும் பகலில் பார்த்துப் போகவேண்டியவை.

பஸ் நடத்துநர் கூவும் பெயர்கள் முகாமில் பிறந்த பிள்ளைகளைக் குழப்பும். "நுவர, நுவர" என்றால் கண்டி, நுவரெலியா அல்ல. "கொட்டுவ" என்றால் கோட்டை, "பிட்டகொட்டுவ" என்றால் புறக்கோட்டை, "மாத்தலே" நம் மாத்தளை. "மாத்தலே யனவாத?" என்று கேட்டால் மாத்தளைக்குப் போகுமா என்று அர்த்தம். "கீயத?" என்றால் எவ்வளவு. நீங்கள் தமிழில் "ஐயா" என்று கூப்பிட்டால் சிங்களக் காதுக்கு அது அண்ணன் என்று கேட்கும், நல்ல மரியாதைதான், தயங்காமல் கூப்பிடுங்கள். கண்டியிலும் மாத்தளையிலும் தமிழில் கேட்டாலே பதில் சொல்ல ஆள் கிடைக்கும்.

கொழும்புக்குப் போகவேண்டிய நாள்

கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கண்டியில் கிளை அலுவலகம் இருக்கிறது. தேசிய அடையாள அட்டைக்கு ஊரிலேயே விண்ணப்பிக்கலாம். கிராமத்தில் இருப்பவருக்குக் கிராம உத்தியோகத்தரும், தோட்டத்தில் இருப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகரும், பாடசாலைப் பிள்ளைக்கு அதிபரும் உறுதிப்படுத்துவார்கள். கொழும்புப் பயணம் பெரும்பாலும் பிரஜாவுரிமைக் கோவைகளுக்காகவும், அடையாள அட்டையை ஒரே நாளில் எடுக்க வேண்டியிருந்தாலும்தான். அந்த இரண்டு அலுவலகங்களும் இப்போது பத்தரமுல்லையில் "சுஹுருபாய" என்ற உயர்ந்த கட்டடத்தில் இருக்கின்றன. பழைய ஞாபகத்தில் புஞ்சிபொரளைக்குப் போகச்சொல்லும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாத்தளையிலிருந்து கொழும்புக்கு நேர் பஸ் உண்டு, விடியுமுன் ஏறினால் அலுவலக நேரத்தில் போய்ச்சேரலாம். புறக்கோட்டையில் இறங்கினால் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பஸ் நிலையங்கள், நடக்கும் தூரத்தில் கோட்டை ரயில் நிலையம். சனநெருக்கடியில் பையை முன்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். பத்தரமுல்லைக்குப் புறக்கோட்டையிலிருந்து மீகொடை போகும் 190 இலக்க பஸ் போகும். கொள்ளுப்பிட்டியில் நிற்கிறவருக்குக் கடுவெல போகும் 177.

கொழும்பை விளங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. நகரம் கொழும்பு 1 முதல் 15 வரை இலக்கமிட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முகவரியில் அந்த இலக்கத்தைப் பார்த்தாலே திசை தெரியும். கோட்டை 1, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13, வெள்ளவத்தை 6. கடல் எப்போதும் மேற்கே. அதற்குச் சமாந்தரமாகத் தெற்கே ஓடுவது காலி வீதி, அதில் புறக்கோட்டையிலிருந்து 100, 101 பஸ்கள் விட்டுவிட்டு வரும். வழி தவறினால் வெள்ளவத்தையிலோ, கொட்டாஞ்சேனையிலோ, செட்டியார் தெருவிலோ தமிழில் கேட்கலாம். முச்சக்கரவண்டியில் ஏறுமுன் மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் விலையை முடித்துக்கொண்டு ஏறுங்கள். கைத்தொலைபேசியில் பிக்மீ, ஊபர் தெரிந்த பிள்ளை கூட வந்தால் பேரம் பேசும் வேலையும் இல்லை.

புறப்படுமுன் நாட்காட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்று எந்த அரசாங்க அலுவலகமும் திறக்காது. தமிழ்நாட்டில் இந்த வழக்கம் இல்லாததால் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் பலர். அலுவலகம் திறந்திருக்கிறதா, என்ன பத்திரம் கேட்பார்கள் என்று 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்தில் தமிழிலேயே கேட்கலாம். அவசர நோய்க்கு அம்புலன்ஸ் 1990, கட்டணம் இல்லை. உங்களில் பலர் படகேறிய ஆண்டு அதுதான், மறக்கமாட்டீர்கள்.

ஊருக்கு வந்ததும்

மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கிய பிறகு உள்ள கடைசிச் சில கிலோமீட்டர்தான் சிலருக்குக் கடினமானது. நீங்கள் விட்டுப்போன தோட்டம் அதே பெயரில் இல்லாதிருக்கலாம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு துண்டாடப்பட்ட தோட்டங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. லயம் இருந்த இடத்தில் வேறு குடியேற்றமோ மிளகுத் தோட்டமோ இருக்கலாம். ஆகவே "எங்கள் லயத்துக்கு" என்று நேராகப் போகாமல், முதல் இரவுக்கு யார் வீட்டில் தங்குவது என்பதை இந்தியாவிலிருந்தே முடிவுசெய்யுங்கள். அந்த வீட்டின் முகவரியைத்தான் விமான நிலையத்திலும் சொல்லவேண்டும். தோட்ட வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவு, தபாற்கந்தோர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வந்த வாரத்திலேயே அந்த இடத்துக் கிராம உத்தியோகத்தரைப் பார்த்துக் குடும்பத்தைப் பதியுங்கள். அவர் வெளிவேலைக்குப் போகும் நாட்கள் உண்டு, அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். வாக்காளர் பதிவு, பாடசாலை, நலத்திட்டக் கொடுப்பனவு எதற்குப் போனாலும் அவரின் கடிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள். பொலிஸாரோ வேறு பிரிவினரோ ஒரு நாள் வீட்டுக்கு வந்து விபரம் எடுக்கலாம். விமான நிலையத்தில் சொன்னதையே சொல்லுங்கள். வந்தவரின் பெயரையும் நிலையத்தையும் கேட்டுக் குறித்துவைத்து, மறுநாள் எமது களப்பணியாளரிடம் தெரிவியுங்கள்.